டிரவுட் ஏரியின் முதல் ஐஸுக்கு என்ன வாங்கலாம்? வெள்ளவத்தையிலிருந்து ஒரு மதிப்பீடு

டிசம்பர் விடுமுறைக்குக் கனடா போகிற கொழும்புக்காரர் அங்கே ஏரி உறையத் தொடங்கும் 'முதல் ஐஸ்' நேரத்தில் ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கப் போவதாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது ஒரு சோடி ஐஸ் பிக், அதாவது தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்தி ஏற உதவும் கைமுள். இருபது டொலருக்குள் கிடைக்கும். அடுத்தது ஐஸைக் குத்திப் பார்க்கும் அலவாங்கு. மூன்றாவது மிதக்கும் சூட்; அதை இரவல் வாங்கினாலும் போதும். தடித்த ஜாக்கெட், கூடாரம், மீன் காட்டும் கருவி எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செலவழிக்கிறவர்கள் என் சொந்தத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி மார்க்கமில் இருக்கிறான். ரொறொன்ரோவிலிருந்து வடகிழக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடினால் ஹாலிபர்ட்டன் வரும். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்குத்தான் அவன் குடும்பம் போகும். அதில் ஸ்ப்ளேக் விட்டிருக்கிறார்கள். டிரவுட் என்ற குளிர்நீர் மீனில் லேக் டிரவுட், புரூக் டிரவுட் என்ற இரண்டு வகையையும் கலந்து உண்டாக்கிய மீன் அது. நான் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கற்களில் நின்று தூண்டில் போட்டே வளர்ந்தவள். தென்மேல் பருவக்காற்று நேரத்தில் எந்தக் கல்லில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஐஸ் விஷயத்தில் அந்த அனுபவம் கால் காசுக்கும் உதவாது. அலை தன் கோபத்தை முன்கூட்டியே காட்டும், ஐஸ் காட்டாது.

சாமானைப் பற்றிச் சொல்ல முன்னர் டிரவுட் ஏரி ஏன் மற்ற ஏரிகளைப் போல இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அது விளங்கினால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆழமான தண்ணீர் வேண்டும். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேலே குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்க, கீழே உள்ளது மேலே வர, ஏரி முழுக்க 4 பாகைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மேற்பரப்பு அதற்கும் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். ஆழமான ஏரியில் இதற்கு நிறைய நாள் எடுக்கும். அதனால் ஆழமில்லாத ஓர் ஏரியில் சனம் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும் அதே நாளில், பத்து நிமிட ஓட்டத்தில் உள்ள டிரவுட் ஏரியின் நடுவில் இன்னும் அலை அடித்துக்கொண்டிருக்கலாம். "அங்கே போட்டிருக்கிறார்கள், இங்கேயும் போடலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரே ஏரிக்குள்ளும் அப்படித்தான். கரையோரக் குடாக்கள் முதலில் உறையும். ஓடை வந்து விழும் இடம், ஏரி வடிந்து போகும் வாய், இரண்டு கரையும் நெருங்கும் ஒடுக்கம், அடியில் ஊற்று உள்ள இடம் எல்லாம் கடைசி வரைக்கும் மெல்லியதாகவே இருக்கும்.

எவ்வளவு தடிப்பு போதும்? மினசோட்டா மாநிலத்தின் இயற்கை வளத் துறை, ஆள் நடக்கப் புதிய தெளிந்த ஐஸ் 4 அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர் வேண்டும் என்கிறது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்ரிமீற்றர் என்கிறது. நான் பின்பற்றுவது 15. பிள்ளைகள் கூட வரும் இடத்தில் ஐந்து சென்ரிமீற்றரை விட்டுக்கொடுத்து எனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இந்த அளவெல்லாம் நீலம் கலந்த தெளிந்த ஐஸுக்கு மட்டும். பனி நனைந்து உறைந்து பால் நிறத்தில் இருக்கும் வெள்ளை ஐஸ் ஏறத்தாழ அரைவாசிப் பலம்தான் தாங்கும். அதில் இரட்டிப்புத் தடிப்புப் பார்க்க வேண்டும். மேலே பனி மூடியிருந்தால் இன்னும் கவனம். பனி, குளிர் கீழே இறங்க விடாமல் தடுப்பதால் ஐஸ் வளர்வது மெதுவாகும். பாரத்தால் ஐஸை அமுக்கும்போது வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறிச் சேறு போல நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

சரி, சாமானுக்கு வருவோம்.

அலவாங்கைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் உண்டு. நம்மூர் அலவாங்கு போலவே நீட்டு இரும்புத் தண்டு, நெஞ்சு உயரம். நுனி மட்டும் கூராக இல்லாமல் உளி போல அகலமாக இருக்கும். மேல்முனையில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. கால் வைக்கப் போகும் இடத்துக்கு முன்னால் ஓங்கி ஒரு குத்து. ஐஸ் தாங்கினால் அடுத்த அடி, மறுபடி ஒரு குத்து. ஒரே குத்தில் நுனி உள்ளே போனாலோ, குத்திய இடத்தில் தண்ணீர் கசிந்தாலோ அந்த இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும்.

தம்பியின் மகன்தான் எனக்குப் பழக்கினான். "மாமி, கையால தட்டாதேங்கோ, தோளால குத்துங்கோ. சத்தத்தைக் கேளுங்கோ" என்றான். நல்ல ஐஸில் சத்தம் கனமாக, குறுகலாக வரும். மெல்லிய ஐஸில் கொஞ்சம் வெறுமையான சத்தம். சில மணி நேரத்தில் காது பிடித்துக்கொண்டுவிடுகிறது. (அடியில் இருந்து 'டும்' என்று நீளமாக ஒரு முழக்கம் வரும்; முதல் தடவை கேட்டால் உயிரே போய்விடும். அது ஐஸ் விரிந்து சுருங்கும்போது வருவது. அது மட்டும் வந்தால் ஓடத் தேவையில்லை.) அலவாங்கோடு சேர்த்து, கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை துறப்பணத்தால் துளை போட்டு, முனை வளைந்த அளவுகோலை உள்ளே விட்டு, ஐஸின் அடிவிளிம்பில் கொளுவித் தடிப்பை அளந்தோம். கரைக்குப் பக்கத்தில் 16 சென்ரிமீற்றர். தண்ணீருக்கு அடியில் உள்ள மேட்டுக்கு நேரே 15. ஓடை விழும் பக்கமாகத் திரும்பி நடந்தபோது அலவாங்கின் சத்தம் மாறியது. துளை போட்டால் 9. இடையில் இருந்த தூரம் வெள்ளவத்தைச் சந்தையின் நீளம்கூட இராது. மேற்பரப்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்த 9 சென்ரிமீற்றரைக் கண்ணால் கண்டபின் இந்த இரும்புத் தண்டுக்கு நான் எவ்வளவு காசு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் மலிவு ரகம் வாகனத்தில் வைக்க வசதி. ஆனால் குத்தக் குத்தப் பூட்டுத் தளர்ந்துவிடும். தம்பியிடம் முதலில் இருந்தது அந்த ரகம். ஒவ்வொரு பத்து நிமிடமும் நின்று முறுக்க வேண்டியிருந்தது. கையுறையைக் கழற்றாமல் முறுக்க முடியாது, கழற்றினால் விரல் விறைக்கும். ஒரே துண்டாக வருவதை வாங்குங்கள். மணிக்கட்டுக் கயிறு இல்லாததை வாங்க வேண்டாம். துளைக்குள் நழுவினால் அது ஏரிக்குத்தான் சொந்தம்.

அடுத்தது ஐஸ் பிக். இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு இரும்பு முள், முள்ளை மூடும் ஒரு மூடி, இரண்டையும் இணைக்கும் கயிறு. அவ்வளவுதான். ஐஸ் உடைந்து விழுந்தவர் வழுக்கும் விளிம்பில் வெறுங்கையால் பிடித்து ஏற முடியாது. இந்த முள்ளை ஐஸில் குத்தி உடம்பை இழுத்து மேலே வரலாம். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர் தண்ணீரில் விழுந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவர் வழியில் சொல்லித் தரப்படும் கணக்கு 1-10-1. விழுந்தவுடன் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அதை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். விழுந்தவுடன் குளிரில் செத்துவிடுவோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் முதல் நிமிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டவருக்குப் பத்து நிமிட வேலை நேரம் கையில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் கையில் பிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது இது. வந்த பக்கமாகத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஐஸ்தான் சற்று முன்னர்வரை உங்களைத் தாங்கியது. காலை உதைத்து உடம்பைத் தண்ணீரில் படுக்கையாக்க வேண்டும். பிக்கைக் குத்தி இழுத்து வயிற்றால் மேலே வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கவே கூடாது; உருண்டு உருண்டு விலக வேண்டும். இதைக் கரையோரம், அடியில் தண்ணீரே இல்லாத இடத்தில் உறைந்து கிடந்த ஐஸில் குப்புறப் படுத்துப் பழகினோம். தோளுக்குப் பலமான வேலைதான், ஆனாலும் என்னால் முடிந்தது. மச்சாளும் செய்தாள், பிள்ளைகளும் செய்தார்கள். ஐஸ் பிக் வாங்குகிற ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. முள்ளை மூடும் மூடி பனி ஏறி உறைந்தால் இறுகிவிடுகிறது. அடிக்கடி ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். சில வகைகளின் கைப்பிடி சிறியது. தடித்த கையுறையோடு பிடி கிடைக்காது. கடையிலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு பிடித்துப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்பதை வீட்டு வாளியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பிக் கழுத்தில் தொங்க வேண்டும். பையில் கிடக்கும் பிக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மிதக்கும் சூட் என்பது உள்ளே மிதக்கும் நுரை வைத்துத் தைத்த ஜாக்கெட்டும் தோள்வார்க் கால்சட்டையும். பல நூறு டொலர் விலை. அருமையான சாமான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்று உள்ளே வராது, முழங்காலில் மெத்தை இருப்பதால் துளைக்கு முன்னால் மண்டியிட்டு இருக்கலாம். தம்பி கோடையில் தன் சூட்டை மாட்டிக்கொண்டு ஏரிப் படகுத்துறையில் இருந்து குதித்துப் பார்த்தான். நெஞ்சு மேலே நிற்க நன்றாகவே மிதந்தான். ஆனால் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றுக்குக் கனடியப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் உண்டு. மற்றவை மிதக்க உதவும் என்று மட்டும் சொல்பவை. உயிர்காப்பு அங்கி என்ற தகுதி அவற்றுக்கு இல்லை. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், தோற்றமும் ஒன்று போல்தான்.

எனக்குப் பிடிக்காதது அளவு. ஐந்தடி ஒரு அங்குலம் உள்ள எனக்குப் பெண்கள் அளவில் மிகச் சின்னதிலும் ஜாக்கெட்டின் கை என் விரல் நுனிவரை வந்தது. அதை மடித்தால் பிக்கை எடுக்கத் தடங்கல். நம்மூர்ப் பெண்கள் போட்டுப் பார்க்காமல் இணையத்தில் வாங்கவே வேண்டாம். இன்னொன்று, சறுக்குப் பலகையில் சாமானை ஏற்றி இழுத்துக்கொண்டு நடக்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. வியர்வை பிறகு குளிரும். நடக்கும்போது கழுத்துப் பக்கச் சிப்பைத் திறந்துவிட்டு, உட்கார்ந்ததும் மூடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போகிற கொழும்புக்காரர் இதை வாங்கத் தேவையில்லை என்பது என் முடிவு. சொந்தக்காரரிடம் இரவல் வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடகைக்குக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஜாக்கெட்டுக்கு மேல் சாதாரண உயிர்காப்பு அங்கி ஒன்றை மாட்டுங்கள்.

இனிப் புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத்தெருவில் ஒரு கடையில் குளிர் ஜாக்கெட் பார்த்தேன். "தண்ணி உள்ள போகாது, கேரண்டி" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஒன்றை வாங்கி வீட்டுக் குழாயடியில் ஜாக்கெட்டின் கையைப் பிடித்தேன். இரண்டு நிமிடத்தில் உள்பஞ்சு நனைந்து கனத்தது. திருப்பிக் கொண்டுபோனால் மாற்ற மாட்டார்களாம். ஸ்காபரோவில் பேருந்துக்கு நிற்க அந்த ஜாக்கெட் போதும், ஏரிக்குப் போதாது. ஆனால் உள்ளே போடும் உடுப்புக்குக் கொழும்பை விட்டால் வேறு இடம் இல்லை என்பேன். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய விளையாட்டு உடுப்புகள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. உடலோடு ஒட்டும் பொலியெஸ்டர் நீளக்கை, நீளக்கால் இரண்டு சோடி வாங்கினேன். அங்கே கொடுக்கிற விலையின் ஒரு பங்குதான், தையலும் சுத்தம். பருத்தி மட்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டி கட்டாயம். பனி இல்லாத வெறும் ஐஸில் விழுந்து தலை அடிபடுவது தண்ணீரில் விழுவதைவிடச் சுலபமாக நடக்கும். ஆணி உள்ளதாகப் பாருங்கள், சுருள் கம்பி மட்டும் உள்ளது போதாது. துறப்பணம், மோரா என்ற கம்பனியின் கையால் சுற்றும் ஆறங்குல ரகம் முதல் ஐஸுக்குத் தாராளம். இந்தத் தடிப்புக்கு இயந்திரத் துறப்பணம் தேவையே இல்லை. கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பு வைப்பவர்கள் காற்றுப் போக வழி விட்டே ஆக வேண்டும். அடுப்பிலிருந்து வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கோடை வீடுகள் உள்ள ஏரியில் படகுத்துறைப் பக்கம் போகவே வேண்டாம். துறை ஐஸில் நசுங்காமல் இருக்கச் சிலர் அடியில் குமிழி விடும் கருவி ஓட்டி, சுற்றியுள்ள தண்ணீரை உறைய விடாமல் வைத்திருப்பார்கள். கனடாவின் குற்றவியல் சட்டம் 263ஆம் பிரிவின்படி, சனம் நடமாடும் ஐஸில் திறப்பு உண்டாக்குகிறவர் அதற்குத் தடையும் எச்சரிக்கையும் வைக்கக் கடமைப்பட்டவர். நாம் போடும் பெரிய துளைக்கும் அது பொருந்தும். ஆறங்குலத் துளையையும் எழும்பிப் போகும்போது ஒரு மரக்கொப்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டே வருவோம்.

மீன் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஐஸில் ஸ்ப்ளேக் கரைக்குக் கிட்ட, ஆழம் குறைந்த தண்ணீரிலேயே சுற்றும். நடு ஏரிக்கு நடக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதுகாப்பும் மீனும் ஒரே பக்கம் இருக்கிற நேரம் இது. எங்களுக்குக் கிடைத்ததை மச்சாள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தாள். இளஞ்சிவப்புத் தசை, முள் குறைவு. பிரித்தானியர் காலத்தில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளிலும் டிரவுட் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இனத்தின் உறவு ஒன்றை ஒன்ராறியோவில் ஐஸுக்கு அடியில் இருந்து எடுப்பேன் என்று நான் நினைத்ததில்லை. அனுமதிப்பத்திரம் எடுக்காமல் தூண்டிலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ஏரியிலும் எந்த டிரவுட்டைப் பிடிக்க எப்போது அனுமதி என்பது வேறு வேறு; அந்த வருட மாகாணக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஏரிகளில் ஐஸ் மேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில்தான். இரைமீன் வாங்கினால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். இரைமீனுக்கென்று மாகாணம் வலயங்கள் பிரித்திருக்கிறது; வாங்கிய வலயத்தை விட்டு வேறு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

திரும்பி வரும்போது நான் கொழும்புக்குக் கொண்டுவந்தது பிக்கும் ஆணிப்பட்டியும் மட்டுமே. சூட்டைத் தம்பி வீட்டு நிலவறையில் விட்டுவிட்டேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அந்த நுரை பூஞ்சணம் பிடிக்கும், சிப்பும் இறுகிவிடும். பிக்கின் முள்ளே இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கத் தொடங்கியது. அரத்தாளால் தேய்த்து, தையல் இயந்திர எண்ணெய் பூசி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது நுனி சுத்தமாக இருக்கிறது. அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், கட்டுநாயக்கவில் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். ஒப்படைக்கும் பெட்டிக்குள், சப்பாத்துக்குள் திணித்து வையுங்கள்.